ஒன்றும் மூன்றும்: கணக்கை விட்டுவிட்டுத் திரித்துவத்தைப் பேச முடியுமா?

காயல்காற்று:

அஸ்ஸலாமு அலைக்கும். மற்ற நண்பர்களுக்கு வணக்கம்.

என் பக்கத்து மேசைக்காரர் கிறிஸ்தவர். பன்னிரண்டு வருடப் பழக்கம். நோன்பு மாதத்தில் என் கண்ணெதிரே தண்ணீர்கூடக் குடிக்க மாட்டார். போன மாதம் பேச்சு எப்படியோ மார்க்கத்தின் பக்கம் போனது. நான் எப்போதும் சொல்வதையே சொன்னேன்: "ஒன்றும் ஒன்றும் ஒன்றும் மூன்றுதானே, அது எப்படி ஒன்றாகும்?" அவர் கோபப்படவில்லை. "பாய், மூன்று கடவுள் உண்டு என்று நாங்களும் சொல்வதில்லை. அப்படிச் சொல்கிறவனை எங்கள் சபையே ஏற்காது" என்றார். எனக்கு அதற்கு மேல் பேச வரவில்லை. இத்தனை வருடமாக நான் மறுத்து வந்தது அவர் நம்பாத ஒன்றை.

அதன் பிறகு இரு தரப்பையும் கொஞ்சம் உட்கார்ந்து வாசித்தேன். என் நம்பிக்கை மாறவில்லை. குல் ஹுவல்லாஹு அஹத் ('சொல்வீராக, அல்லாஹ் ஒருவனே' என்று தொடங்கும் குர்ஆன் சூரா) ஓதும்போது முன்பைவிட இப்போது நெஞ்சு நிறைகிறது. ஆனால் நமக்கும் அவர்களுக்கும் உள்ள வேறுபாடு நான் நினைத்த இடத்தில் இல்லை. எண்ணிக்கையில் இல்லை, வேறெங்கோ இருக்கிறது. அது எங்கே என்று சேர்ந்து பார்க்கத்தான் இந்த இழை.

கிறிஸ்தவ நண்பர்கள் தங்கள் நம்பிக்கையைத் தங்கள் வாயாலேயே சொல்லுங்கள். நம் சகோதரர்களுக்கு ஒரு வேண்டுகோள்: கூட்டல் கணக்கு வேண்டாம். "வேதக்காரர்களுடன் அழகிய முறையிலேயே தவிர வாதிடாதீர்கள்" என்பது நமக்கு இடப்பட்ட கட்டளை (குர்ஆன் 29:46). அதே ஆயத்தில் (வசனத்தில்) "எங்கள் இறைவனும் உங்கள் இறைவனும் ஒருவனே" என்றும் சொல்லச் சொல்கிறான்.


பனைநிழல்:

நான் தென்னிந்தியத் திருச்சபை, திருநெல்வேலிப் பக்கம். கேட்டதற்கு நன்றி பாய். பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை, சொல்லத்தான் செய்கிறார்கள்.

ஞாயிறு பள்ளியில் எங்களுக்கு முதலில் சொன்னது தண்ணீர் உதாரணம். பனிக்கட்டி, நீர், ஆவி மூன்றும் ஒரே பொருள். பெரியவனான பிறகு எங்கள் ஆயர் அது தவறு என்று புரியவைத்தார். ஒரே தண்ணீர் ஒரு நேரம் பனியாகவும் ஒரு நேரம் ஆவியாகவும் இருக்கிறது என்றால், ஒரே கடவுள் மூன்று வேடம் போடுகிறார் என்றாகிவிடும். 3ஆம் நூற்றாண்டில் சபேலியு என்பவர் பெயரில் வழங்கிய போதனை அது. சபை அதை மறுத்துவிட்டது. முட்டை உதாரணமும் ஆகாது. ஓடு, வெள்ளைக்கரு, மஞ்சள்கரு மூன்றும் முட்டையின் பாகங்கள். கடவுளுக்குப் பாகம் கிடையாது.

சபை சொல்வது இவ்வளவுதான். கடவுளின் தன்மை ஒன்றே. அந்த ஒரே தன்மையில் பிதா, குமாரன், பரிசுத்த ஆவி இருக்கிறார்கள். பிதா குமாரன் அல்ல, குமாரன் பிதா அல்ல, ஆனால் மூவரும் தனித்தனிக் கடவுள்கள் அல்ல. 325இல் நிசேயாவில் கூடிய சங்கம் குமாரனைப் பற்றி "ஜெனிப்பிக்கப்பட்டவர், உண்டாக்கப்பட்டவர் அல்ல, பிதாவோடு ஒரே தன்மையுள்ளவர்" என்றது. 'குமாரன் இல்லாத காலம் ஒன்று இருந்தது' என்று போதித்த அரியுவுக்கு எதிராக வந்த வாக்கியம் அது. 381இல் கான்ஸ்டான்டிநோபிளில் பரிசுத்த ஆவியைப் பற்றிய பகுதி விரிந்தது. இதைக் கையில் பிடித்துக் காட்டு என்றால் என்னால் முடியாது. ஆனால் மூன்று கடவுள் என்று நான் ஒரு நாளும் ஜெபித்ததில்லை.


நாகூர்ப்புறா:

காயல் காக்கா, உங்கள் வேண்டுகோளை மதிக்கிறேன். ஆனால் நாம் சொல்ல வேண்டியதை மெல்ல முழுங்கவும் கூடாது.

"அல்லாஹ் மூவரில் மூன்றாமவன் என்று கூறியோர் நிராகரித்துவிட்டனர்" என்று 5:73 தெளிவாகச் சொல்கிறது. இரண்டு ஆயத்து தள்ளி, மஸீஹும் (ஈஸா நபி, அதாவது இயேசு) அவர் தாயாரும் "உணவு உண்பவர்களாக இருந்தனர்" என்கிறது. எனக்கு இந்த ஒரு வார்த்தையே போதும். சாப்பிடுகிறவனுக்குப் பசி உண்டு, பசி உள்ளவன் தேவையுள்ளவன். அல்லாஹ்வோ ஸமது, எந்தத் தேவையும் அற்றவன்.

அப்புறம் அவர்கள் வேதத்தையே எடுங்கள். யோவான் 17:3இல் ஈஸா (அலை) தம் இறைவனிடம் "ஒன்றான மெய்த்தேவனாகிய உம்மையும் நீர் அனுப்பினவராகிய இயேசுகிறிஸ்துவையும்" என்று பேசுகிறார். ஒன்றான மெய்த்தேவன் ஒருவர், அனுப்பப்பட்டவர் இன்னொருவர். மாற்கு 13:32இல் அந்த நாழிகையை, அதாவது உலக முடிவின் நேரத்தை, குமாரனும் அறியார் என்கிறார். அறியாதவர் எப்படி இறைவன்? மூவரும் ஒன்று என்று நேராகச் சொல்லும் ஒரே வசனம் 1 யோவான் 5:7. அது பின்னால் சேர்க்கப்பட்டது என்று அவர்கள் அறிஞர்களே ஒப்புக்கொள்கிறார்கள்.


மணல்மேடு:

நான் கத்தோலிக்கன், தூத்துக்குடிப் பக்கம். நாகூர் நண்பர் சொன்ன கடைசி விஷயம் உண்மைதான். பழைய தமிழ் வேதாகமத்தில் "பரலோகத்திலே சாட்சியிடுகிறவர்கள் மூவர்" என்ற வாக்கியம் இருக்கிறது. நாங்கள் வாசிக்கும் திருவிவிலியத்தில் அது மூலப் பகுதியில் இல்லை. எராஸ்மஸ் என்ற அறிஞர் 1516இலும் 1519இலும் அச்சிட்ட கிரேக்கப் புதிய ஏற்பாட்டில் அதைச் சேர்க்கவில்லை. எதிர்ப்பு வந்த பிறகு 1522 பதிப்பில் சேர்த்தார். ஆனால் கவனியுங்கள், அரியுவோடு வாதிட்ட கிரேக்கத் தந்தையர் அந்த வாக்கியத்தைக் காட்டி வாதிடவே இல்லை. அது போனாலும் கோட்பாடு போகாது.

மாற்கு 13:32 எங்களுக்குப் புதிதல்ல. அரியு தரப்பாரும் அதையே காட்டினார்கள். 451இல் கல்செதோன் சங்கம் கிறிஸ்து முழுக் கடவுள், முழு மனிதர், இரு இயல்புகளும் கலக்கவும் இல்லை, பிரியவும் இல்லை என்றது. மனிதர் என்ற முறையில் அவருக்குப் பசித்தது, களைத்தது, அழுதார். சாப்பிட்டார் என்பதை நாங்கள் மறைப்பதில்லை, அது எங்கள் நற்செய்தியின் ஒரு பகுதி.

எனக்கு இரண்டு கேள்வி. ஒன்று, 5:116இல் "என்னையும் என் தாயையும் இரு கடவுள்களாக எடுத்துக்கொள்ளுங்கள் என்று நீர் சொன்னீரா" என்று இயேசுவிடம் கேட்கப்படுவதாக வருகிறது. மரியாவைத் திரித்துவத்தில் யாரும் சேர்த்ததில்லை. அப்படியானால் உங்கள் வேதம் எங்களைத்தான் குறிக்கிறதா? இரண்டு, உங்கள் வேதமே இயேசுவை அல்லாஹ்வின் வார்த்தை என்றும் அவனிடமிருந்து வந்த ஆவி என்றும் சொல்கிறது (4:171). 8ஆம் நூற்றாண்டில் தமஸ்கு நகர யோவான் அப்போதே கேட்டார்: வார்த்தையையும் ஆவியையும் கடவுளுக்கு வெளியே வைத்தால், கடவுளை வார்த்தையற்றவராகவும் ஆவியற்றவராகவும் வெட்டிவிடுகிறீர்களே? அவர் குடும்பம் உமையா கலீஃபாக்களின் நிர்வாகத்தில் வேலை பார்த்த குடும்பம். தூரத்தில் உட்கார்ந்து கேட்டவர் அல்ல.


காயல்காற்று:

மணல்மேடு அண்ணன், நல்ல கேள்விகள். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் 5:116. அந்த ஆயத்து திரித்துவத்துக்கு இலக்கணம் சொல்லவில்லை. மறுமையில் கேட்கப்படும் ஒரு கேள்வி அது. யாரைத் தெய்வமாக எடுத்துக்கொண்டார்கள் என்பதைப் பற்றியது. சைப்ரஸ் ஆயர் எபிபானியு 4ஆம் நூற்றாண்டில், மர்யம் பெயரால் சிறு அப்பங்கள் படைத்த பெண்களைப் பற்றிக் கண்டித்து எழுதியிருக்கிறார். அரேபியாவில் அந்த வழக்கம் இருந்தது என்கிறார். நம்மில் சிலர் அவர்களைத்தான் ஆயத்து குறிக்கிறது என்பார்கள். எனக்கு அதைவிட எளிய பதில் போதும். எங்கள் பார்வையில் மன்றாட்டும் வணக்கம்தான். 431இல் எபேசு சங்கம் மர்யமைக் 'கடவுளின் தாய்' என்று அழைப்பதை உறுதி செய்தது. அவரிடம் கேட்டு நிற்பது வழக்கமாகவும் ஆனது. அதை நீங்கள் வணக்கம் என்று சொல்வதில்லை, பரிந்துரை கேட்பது என்பீர்கள். நாங்கள் அந்தக் கோட்டை வேறு இடத்தில் போடுகிறோம். ஆக, 'மரியா திரித்துவத்தில் ஒருவர்' என்று நீங்கள் சொல்வதாக நான் இனிச் சொல்ல மாட்டேன். ஆயத்தும் அப்படிச் சொல்லவில்லை.

இரண்டாவது, கலிமா, அதாவது 'வார்த்தை'. ஈஸா நபியை வார்த்தை என்பது 'ஆகு' என்ற சொல்லால் படைக்கப்பட்டவர் என்ற பொருளில் என்றுதான் எங்கள் விரிவுரையாளர்கள் பெரும்பாலும் சொல்கிறார்கள். 3:59 அவரை ஆதமுக்கு ஒப்பிடுகிறது: மண்ணிலிருந்து படைத்து 'ஆகு' என்றான், ஆனார். யோவான் நற்செய்தியின் 'வார்த்தை' வேறு, குர்ஆனின் 'வார்த்தை' வேறு. எழுத்து ஒன்றாக இருப்பதால் பொருளும் ஒன்று என்று வாதிட்டால் நம் இருவருக்கும் நட்டம்.

இனி எனக்கு உண்மையிலேயே பிடித்த பகுதி. இந்த வாதமெல்லாம் பக்தாதில் நேருக்கு நேர் நடந்திருக்கிறது. சுமார் 782இல் கலீஃபா அல் மஹ்தியின் அவையில் கிழக்குத் திருச்சபையின் தலைவர் திமோத்தேயு. நம் பக்கத்துக் கேரளத்துச் சிரியன் கிறிஸ்தவர்கள் அந்தக் காலத்தில் சார்ந்திருந்த அதே சபை. அரிஸ்டாட்டிலின் வாதமுறை நூலை அரபியில் மொழிபெயர்த்துத் தரும்படி இதே மஹ்திதான் இதே திமோத்தேயுவிடம் கேட்டிருந்தார். இரண்டு நாள் பேசியதைத் திமோத்தேயு சிரியக் மொழியில் ஒரு கடிதமாக எழுதி வைத்தார். கலீஃபாவின் முதல் கேள்வியே, உங்களைப் போன்ற அறிவாளி, கடவுள் ஒரு பெண்ணை மணந்து மகனைப் பெற்றான் என்று சொல்லலாமா என்பதுதான். திமோத்தேயு அதிர்ந்து, அப்படிப்பட்ட தெய்வநிந்தனையை யார் சொன்னது என்கிறார். சூரியனிலிருந்து ஒளி வருவதுபோல, உள்ளத்திலிருந்து சொல் வருவதுபோல என்று விளக்குகிறார்.

என் பக்கத்து மேசைக்காரர் எனக்குச் சொன்ன பதிலும் ஏறக்குறைய இதேதான். 1200 வருடத்துக்கு முன் கலீஃபா கடந்துவிட்ட இடத்தில் நான் இன்னும் நின்றுகொண்டிருந்தேன் என்பதை நினைத்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது.

பேச்சின் முடிவில் திமோத்தேயு ஒரு முத்தைப் பற்றிச் சொல்கிறார். இருட்டு வீட்டில் ஒரு முத்து விழுந்துவிட்டது. எல்லோரும் தேடுகிறார்கள். ஒருவர் கையில் முத்து, மற்றவர் கையில் கண்ணாடித் துண்டு, கல். ஒவ்வொருவரும் தன்னிடம்தான் முத்து இருக்கிறது என்று மகிழ்கிறார்கள். விடிந்தால்தான் தெரியும். முத்துக்குளித்த கடற்கரையில் பிறந்தவன் நான், அந்த இடத்தில் புத்தகத்தை மூடி வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா இருந்தேன்.

இன்னும் இருக்கிறது. அந்த மஹ்தியின் பேரன்தான் கலீஃபா மஃமூன். குர்ஆன் படைக்கப்பட்டதா, படைக்கப்படாததா என்ற பெரும் சண்டையில் 833இல் அவர் பக்தாத் ஆளுநருக்கு எழுதிய கடிதத்தை வரலாற்றாசிரியர் தபரி பதிவு செய்திருக்கிறார். குர்ஆன் படைக்கப்படவில்லை என்பவர்கள், ஈஸா அல்லாஹ்வின் வார்த்தை என்பதால் படைக்கப்பட்டவர் அல்ல என்று சொல்லும் கிறிஸ்தவர்களைப் போன்றவர்கள் என்று அதில் சொல்கிறார். இமாம் அஹ்மத் இப்னு ஹன்பல் அந்த நாட்களில் சிறைப்பட்டு, மஃமூனுக்குப் பின் வந்த முஃதஸிம் காலத்தில் கசையடியும் பட்டார். தன் சொல்லை மாற்றவில்லை. கடைசியில் நிலைத்தது அவர் நின்ற பக்கம்தான். இன்று சுன்னிகளான நாம் எல்லோரும் குர்ஆன் அல்லாஹ்வின் பேச்சு, படைப்பு அல்ல என்றே ஓதுகிறோம்.

அப்படியானால் அல்லாஹ்வின் பேச்சு, அறிவு, ஆற்றல் இவை அவனுக்கு வேறா, அவனேயா? நம் அஷ்அரி இறையியல் வழி உலமாக்கள் சொன்ன பதில்: "அவனும் அல்ல, அவனல்லாததும் அல்ல." குர்ஆன் படைக்கப்பட்டது என்ற தரப்பினரான முஃதஸிலாக்கள் இதைக் கேட்டு, இது கிறிஸ்தவர்கள் சொல்வது மாதிரி இருக்கிறதே என்றார்கள். ஒருமைக்குள் ஒரு வேறுபாட்டைச் சொல்ல முயன்றால் மொழி எப்படித் திணறும் என்பது நமக்கும் தெரிந்ததுதான். அதனால்தான் கூட்டல் கணக்கை நான் கீழே வைத்துவிட்டேன்.


கிள்ளான்வாசி:

மலேசியாவிலிருந்து. இங்கே மத்ரஸாவில் இருபது சிபாட் (ஸிஃபத்து, அல்லாஹ்வின் பண்புகள்) மனப்பாடம் செய்யாத பிள்ளை கிடையாது. வுஜூத், கிதம், பகா என்று தொடங்கும். காக்கா சொன்ன "அவனும் அல்ல, அவனல்லாததும் அல்ல" எங்கள் உஸ்தாத் கரும்பலகையில் எழுதிப்போட்டது.

இங்கே இந்தப் பேச்சு நீதிமன்றம் வரை போனது. கத்தோலிக்க வார இதழ் ஒன்று தன் மலாய்ப் பக்கத்தில் கடவுளைக் குறிக்க 'அல்லாஹ்' என்ற சொல்லைப் பயன்படுத்தலாமா என்பது வழக்கு. 2009இல் உயர் நீதிமன்றம் அனுமதித்தது, 2013இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் மறுத்தது, 2014இல் கூட்டரசு நீதிமன்றம் அதை மீண்டும் எடுத்துக்கொள்ளவில்லை. அதே இதழில் தமிழ்ப் பக்கமும் உண்டு. தமிழில் அவர்கள் 'கடவுள்', 'இறைவன்' என்று எழுதுகிறார்கள், நாமும் 'இறைவன்' என்கிறோம், யாருக்கும் வழக்கு இல்லை. அரபுக் கிறிஸ்தவர்களோ இன்றுவரை அல்லாஹ் என்றுதான் சொல்கிறார்கள்.


நாகூர்ப்புறா:

காக்கா, மனசில் பட்டதைச் சொல்கிறேன், தப்பாக எடுக்காதீர்கள். ஸிஃபத்தையும் திரித்துவத்தையும் ஒரே தட்டில் வைத்துவிட்டீர்களோ என்று பயமாக இருக்கிறது. படித்துவிட்டு நம் பிள்ளைகள் "இரண்டும் ஒன்றுதானே" என்று கிளம்பினால் யார் பொறுப்பு? 19ஆம் சூராவில் ரஹ்மானுக்கு மகன் உண்டு என்ற பேச்சால் வானங்கள் வெடித்துவிடும் போலும், மலைகள் நொறுங்கிவிடும் போலும் என்று அவன் சொல்கிறான். அந்த அளவுக்குக் கனமான விஷயம் இது.


காயல்காற்று:

கோபமே இல்லை தம்பி. நீங்கள் பயந்தது சரியான பயம். ஒரே தட்டில் வைக்கவில்லை. எங்கே பிரிகிறது என்று காட்டத்தான் பக்கத்தில் வைத்தேன்.

அல்லாஹ்வுக்கு அறிவு உண்டு. ஆனால் அந்த அறிவு அல்லாஹ்வோடு பேசாது. அவனுடைய ஆற்றல் அவனை நேசிக்காது, அவனிடம் மன்றாடாது. "அல்லாஹ்வின் பேச்சே, என்னை மன்னிப்பாயாக" என்று நாம் யாரும் கையேந்துவதில்லை. ஸிஃபத்து ஒரு 'நான்' அல்ல. கிறிஸ்தவர்கள் சொல்வதிலோ குமாரன் பிதாவை 'நீர்' என்று அழைக்கிறார். கெத்செமனே தோட்டத்தில் மன்றாடுகிறார். பிதா அனுப்புகிறார், குமாரன் வருகிறார். அங்கே 'நான்', 'நீர்' இருக்கிறது. இதுதான் முதல் பிரிவு.

பக்தாதில் 974இல் இறந்த யஹ்யா இப்னு அதீ, ஃபாராபியின் மாணவர், கிறிஸ்தவத் தத்துவவாதி, இந்தப் பள்ளத்தை நிரப்பப் பார்த்தார். மூன்றையும் நன்மை, ஞானம், ஆற்றல் என்று பண்புகளாக விளக்கினார். நம் ஆட்கள் கேட்ட கேள்வி சுலபமானது: பண்புகள் என்றால் ஏன் மூன்றோடு நிறுத்தினீர்கள்? உயிர், கேட்டல், பார்வை, நாட்டம் எல்லாம் எங்கே போயின? அஷ்அரி அறிஞர் பாகில்லானியும் இந்த வழியில்தான் வாதிட்டார். என் அறிவுக்கு இந்தக் கேள்விக்கு அந்தப் பக்கம் திருப்தியான பதில் வரவில்லை. பண்பு என்று சொன்னால் மூன்றில் நிற்க முடியாது, ஆள் என்று சொன்னால் ஒருமைக்குள் உரையாடல் வந்துவிடுகிறது.

இரண்டாவது பிரிவு இன்னும் கூர்மையானது. குல் ஹுவல்லாஹுவின் மூன்றாம் ஆயத்து: லம் யலித், வலம் யூலத். அவன் பெறவும் இல்லை, பெறப்படவும் இல்லை. அரபுக் கிறிஸ்தவர்கள் நிசேயா அறிக்கையை ஓதும்போது குமாரனை "மவ்லூத், கைரு மக்லூக்" என்கிறார்கள். ஜெனிப்பிக்கப்பட்டவர், படைக்கப்பட்டவர் அல்ல. யலித், யூலத், மவ்லூத் மூன்றுக்கும் வேர் ஒன்றே. ஆக, இந்தச் சூரா தவறான முகவரிக்குப் போன கடிதம் அல்ல. அவர்கள் அறிக்கையின் நடுச்சொல்லையே அது தொடுகிறது. கலீஃபா அப்துல் மலிக் ஜெருசலேமில் கட்டிய குப்பத்துஸ் ஸக்ராவின் (பாறைக் குவிமாடத்தின்) உள்ளே ஹிஜ்ரி 72இல், அதாவது 691–692இல், பதித்த எழுத்து வரிசையில் இந்த வார்த்தைகளும் 4:171உம் இருக்கின்றன. கிறிஸ்துவின் கல்லறை ஆலயம் இருக்கும் அதே ஊரில். நம் மறுப்பு கூட்டல் கணக்கு அல்ல என்பதற்கு எனக்கு இதைவிடப் பெரிய சாட்சி வேண்டாம்.


மணல்மேடு:

இந்த அரபு வேர்ச்சொல் விஷயம் எனக்குப் புதிது, நன்றி. எங்கள் தமிழ்த் திருப்பலியில் அந்த இடத்தில் "உதித்தவர்" என்று சொல்கிறோம். ஒளியினின்று ஒளியாக உதித்தவர். 'பெற்றார்' என்ற சொல்லில் வரும் உடல் நினைவு அதில் இல்லை.

ஆனால் நீங்கள் ஒன்றைக் கேட்டால் ஆச்சரியப்படுவீர்கள். 1215இல் நான்காம் லாத்தரன் சங்கம், கடவுளின் அந்த ஒரே சாரம் பெறுவதும் இல்லை, பெறப்படுவதும் இல்லை, புறப்படுவதும் இல்லை என்றது. பெறுகிறவர் தந்தை, பெறப்படுகிறவர் மகன், புறப்படுகிறவர் தூய ஆவியார். சாரம் அல்ல. "கடவுள் என்னும் தன்மை இன்னொரு கடவுளைப் பெற்றது" என்று யாராவது நினைத்தால் அதை நாங்களும் மறுக்கிறோம், கிட்டத்தட்ட உங்கள் சூராவின் வார்த்தைகளிலேயே. 1965இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம், இஸ்லாமியர் ஒரே கடவுளை வழிபடுகிறவர்கள் என்று மதிப்போடு சொன்னதும் வெறும் மரியாதைப் பேச்சு அல்ல.


காயல்காற்று:

லாத்தரன் சங்கத்தின் அந்த வரி எனக்குத் தெரியாது. தேடி வாசிக்கிறேன். இது என்னை ஒப்புக்கொள்ள வைக்கவில்லை, ஏனென்றால் சாரத்திலிருந்து தள்ளி வைத்ததை மறுபடி 'ஆள்' என்ற இடத்தில் வைக்கிறீர்கள். லம் யலித் சாரத்தைப் பற்றி மட்டும் பேசவில்லை, அவனைப் பற்றிப் பேசுகிறது. ஆனாலும் உங்கள் சபை எந்த அளவுக்குக் கவனமாக இந்தக் கோட்டைப் போட்டிருக்கிறது என்பது தெரிந்தது. இனி யாராவது "அவர்களுக்கு யோசிக்கத் தெரியாது" என்றால் நான் சும்மா இருக்க மாட்டேன்.


பனைநிழல்:

எனக்குத் தத்துவம் குறைவு. நான் ஏன் இதை நம்புகிறேன் என்பதை மட்டும் சொல்கிறேன்.

தேவன் அன்பாகவே இருக்கிறார் என்று யோவான் எழுதுகிறார். உலகம் படைக்கப்படும் முன் அவர் யாரை நேசித்தார்? நேசிக்க ஆள் வேண்டுமென்று எங்களைப் படைத்தார் என்றால் அவருக்கு எங்கள் தேவை இருந்தது என்றாகிவிடும். அந்த அன்பு அவருக்குள்ளேயே இருந்தது, பிதா குமாரனை நேசித்தார் என்பதில் எனக்கு அமைதி கிடைக்கிறது. அப்புறம் பிலிப்பியர் நிருபம்: "தம்மைத்தாமே வெறுமையாக்கி, அடிமையின் ரூபமெடுத்து, மனுஷர் சாயலானார்." என் அம்மா ஒன்பது மாதம் படுக்கையில் கிடந்தார்கள். வேதனையில் அவர்கள் பிடித்துக்கொண்டது நிசேயா அறிக்கையை அல்ல, எனக்கு வலிப்பதுபோல அவருக்கும் வலித்தது என்ற ஒன்றைத்தான். இதை நாகூர் நண்பர் பலவீனம் என்கிறார். எங்களுக்கு அது கடவுள் எவ்வளவு தூரம் இறங்கி வந்தார் என்பதன் அளவு.


மல்லிகைத்திண்ணை:

இதுவரை வாசித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். பனைநிழல் தம்பி, உங்கள் அம்மாவைப் பற்றி எழுதியதைப் படித்தபின் பேசாமல் இருக்க முடியவில்லை. நானும் என் வாப்பாவை வைத்துப் பார்த்தவள்தான்.

எங்கள் இறைவன் மேலே எங்கோ தனியாக உட்கார்ந்திருப்பவன் என்ற எண்ணம் பலருக்கு இருக்கிறது. அவன் பிடரி நரம்பைவிட அருகில் இருக்கிறேன் என்கிறான் (50:16). அவன் பெயர்களில் ஒன்று அல் வதூத், பேரன்பு உடையவன். போரில் சிறைபட்ட ஒரு பெண் தொலைந்த குழந்தையைத் தேடி ஓடி, கண்டெடுத்து நெஞ்சோடு அணைத்துப் பாலூட்டியதைக் காட்டி, "இவள் தன் பிள்ளையை நெருப்பில் போடுவாளா? அல்லாஹ் தன் அடியார்கள் மீது இவளைவிட இரக்கமுள்ளவன்" என்றார்கள் நபி (ஸல்). அவன் அறிந்திருப்பதற்கு அவனுக்கு ஓர் உடல் தேவையில்லை. வலித்தால்தான் புரியும் என்பது நம் நிலை, படைக்கப்பட்டவர்களின் நிலை. அவன் என் வாப்பாவின் வலியை வாப்பாவைவிட நன்றாக அறிந்திருந்தான். அது எனக்குப் போதுமானதாக இருந்தது, இருக்கிறது.

படைப்புக்கு முன் யாரை நேசித்தான் என்பதற்கும் எனக்கு அதே பதில்தான். மன்னிக்க ஆள் வரும் முன்பும் அவன் மன்னிப்பவன்தான். பண்பு அவனிடம் எப்போதும் இருக்கிறது, அது வெளிப்படும் காலம்தான் அவன் நாட்டம்.

இன்னொன்று, சின்ன விஷயம். நாங்கள் 'அவன்' என்கிறோம், நீங்கள் 'அவர்' என்கிறீர்கள். என் கிறிஸ்தவத் தோழி ஒருத்தி அதை அவமரியாதை என்றே நினைத்திருந்தாள். மரியாதைக்குக்கூடப் பன்மை வாடை அடிக்கும் சொல்லை அவனுக்குப் போட எங்களுக்கு மனம் வராது, அவ்வளவுதான்.

பனைநிழல் தம்பிக்கு ஒரு ஹதீஸ். ஸஹீஹ் முஸ்லிமில் வருகிறது. மறுமையில் அல்லாஹ் கேட்பான்: "ஆதமின் மகனே, நான் நோயுற்றிருந்தேன், நீ என்னை விசாரிக்க வரவில்லை." அடியான் சொல்வான்: "இறைவா, நீ அகிலங்களின் இறைவன், உன்னை நான் எப்படி விசாரிப்பேன்?" "என் அடியான் இன்னான் நோயுற்றிருந்தது உனக்குத் தெரியாதா? அவனை விசாரித்திருந்தால் அவனிடத்தில் என்னைக் கண்டிருப்பாய்."


பனைநிழல்:

அக்கா, இதை நான் கேள்விப்பட்டதே இல்லை. மத்தேயு 25ஆம் அதிகாரம் அப்படியே இருக்கிறது. வியாதியாயிருந்தேன், விசாரிக்க வந்தீர்கள். "மிகவும் சிறியவராகிய என் சகோதரரான இவர்களில் ஒருவனுக்கு நீங்கள் எதைச் செய்தீர்களோ, அதை எனக்கே செய்தீர்கள்."

இரண்டையும் மேலும் கீழுமாக வைத்து வாசித்தேன். எங்களுடையது "எனக்கே செய்தீர்கள்" என்கிறது. உங்களுடையது "அவனிடத்தில் என்னைக் கண்டிருப்பாய்" என்கிறது.


காயல்காற்று:

ஆமாம் தம்பி. நான் இழையின் தொடக்கத்தில் தேடிய இடம் அதுதான். எங்களில் அடியான் குறுக்கே கேட்கிறான் பாருங்கள்: "நீ அகிலங்களின் இறைவன், உன்னை எப்படி?" அந்தக் கேள்வியை ஹதீஸ் அழிக்கவில்லை. நோயாளி நோயாளியாகவே இருக்கிறார், அல்லாஹ் அல்லாஹ்வாகவே இருக்கிறான், ஆனால் அவரிடத்தில் காணப்படுகிறான். மத்தேயுவில் கேட்கிறவரும் நோயுற்றவரோடு சகோதரராக நிற்கிறார். நான் முதல் பக்கம் நிற்கிறேன், நீங்கள் இரண்டாம் பக்கம்.

நாகூர்த் தம்பி தனிச்செய்தியில் சிலுவையைப் பற்றி, 4:157 பற்றிக் கேட்டிருந்தார். அது இங்கே அடங்காது. வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து வந்து தனி இழை திறக்கிறேன். மணல்மேடு அண்ணன், லாத்தரன் சங்கத்தின் அந்தப் பகுதி முழுதாகத் தமிழில் கிடைத்தால் அதில் போடுங்கள்.


மணல்மேடு:

தேடித் தருகிறேன். மல்லிகைத்திண்ணை அக்கா, அந்த ஹதீஸின் மீதிப் பகுதி, பசி தாகம் பற்றியும் வருமா?


மல்லிகைத்திண்ணை:

வரும். "உன்னிடம் உணவு கேட்டேன், நீ தரவில்லை" என்றும் "தண்ணீர் கேட்டேன், நீ தரவில்லை" என்றும். அந்த இரண்டு இடத்திலும் பதில் கொஞ்சம் வேறு: "அவனுக்குக் கொடுத்திருந்தால் அதை என்னிடத்தில் கண்டிருப்பாய்." நோயாளியைச் சொல்லும் இடத்தில் மட்டும்தான் "அவனிடத்தில் என்னை" என்று வருகிறது.